பிள்ளைகள் சிகாகோவிலா?



மே மாதம் நெருங்கினாலே நம் அலுவலகத்துக்கு ஒரே சாயலில் கடிதங்கள் வரத் தொடங்கும். “பெண்ணைப் பார்க்க அமெரிக்கா போகிறோம், ஆறு மாதத்துக்கு இதழை எதிர்வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள்.” போனவர்கள் அங்கிருந்தும் எழுதுவார்கள். முதல் பத்தி பேரப்பிள்ளையைப் பற்றி, இரண்டாவது குளிரைப் பற்றி. மூன்றாவதில் மெல்ல ஒரு பெருமூச்சு எட்டிப்பார்க்கும்: பகலெல்லாம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறோம், நடந்துபோய் நாலு வெற்றிலை வாங்க ஒரு கடை கிடையாது, சனி ஞாயிறு வந்தால்தான் வெளியுலகம்.

சிகாகோ பக்கம் பிள்ளைகள் இருப்பவர்களின் சனி ஞாயிறு எனக்கே மனப்பாடம். அரோராவில் பாலாஜி கோயில், லெமான்ட்டில் ராமர் கோயில், டெவன் அவென்யூவில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும், வில்லிஸ் டவரின் 103ஆம் மாடியில் கண்ணாடித் தரைமேல் பயந்தபடி ஒரு புகைப்படம், மில்லேனியம் பூங்காவில் அந்தப் பளபளக்கும் ‘பீன்’ எதிரே சிரித்தபடி இன்னொரு புகைப்படம். குறை சொல்லவில்லை, எல்லாம் பார்க்க வேண்டியவைதான். இந்தப் பட்டியலில் இன்னோர் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

சிகாகோ ஆற்றின் தென்கரையில், மிச்சிகன் அவென்யூ பாலத்தை ஒட்டி, 111 கிழக்கு வாக்கர் டிரைவ் என்ற முகவரியில் ஒரு கறுப்புக் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. மீஸ் வான் டெர் ரோ என்ற பெரும் கட்டடக் கலைஞரின் அலுவலகம் வடிவமைத்தது. அதன் அடியில், சாலையைப் பார்த்தபடி இருக்கிறது சிகாகோ கட்டடக்கலை மையம். ஓவியத்துக்குக் கூடம் இருக்கிறது, இசைக்கு சபா இருக்கிறது. ஒரு நகரத்தின் கட்டடங்களுக்கும் தெருக்களுக்கும் ஆற்றுக்கும் பூங்காக்களுக்குமென்றே ஒரு பண்பாட்டு மையம் இது. அரசாங்கத்தின் அலுவலகம் அல்ல. ஊர்க்காரர்கள் சேர்ந்து தொடங்கி, நுழைவுச் சீட்டாலும் நன்கொடையாலும் நடத்திவரும் அமைப்பு. இப்போதைய இடத்துக்கு 2018 ஆகஸ்ட் 31 அன்று குடிவந்தது.

உள்ளே போனதும் எல்லோரும் முதலில் மொய்ப்பது நகரத்தின் மாதிரியைத்தான். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை முப்பரிமாண அச்சில் வார்த்து, நடு நகரம் முழுவதையும் ஒரு மேடைமேல் பரப்பியிருக்கிறார்கள். விளக்கு மங்குகிறது, பின்னால் திரை ஓடுகிறது, 1871ஆம் ஆண்டின் பெருந்தீ செந்நிற ஒளியாக அந்த மாதிரியின் மேல் பரவுகிறது. அழகுதான். ஆனால் இப்படி ஒரு மாதிரியைச் செய்து வைத்துப் பெருமையடித்துக்கொள்ளாத பெருநகரம் இன்று உலகத்தில் குறைவு. பல ஊர்களில் அது ஆட்சியின் விளம்பரப் பலகையாகவே நின்றுவிடுகிறது. சிகாகோ மையத்தை வேறாக்குவது அது பிறந்த கதையும், அதை நடத்தும் மனிதர்களும்.

கதை ஒரு வீட்டில் தொடங்குகிறது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிகாகோவின் பணக்காரத் தெரு பிரெய்ரி அவென்யூ. ரயில்பெட்டி முதலாளி ஜார்ஜ் புல்மன், பெருங்கடை முதலாளி மார்ஷல் ஃபீல்டு எல்லோரும் அங்கேதான் குடியிருந்தார்கள். அந்தத் தெருவில் வேளாண் இயந்திர வியாபாரி ஜான் கிளெஸ்னர் 1887இல் ஒரு வீடு கட்டினார். வடிவமைத்தவர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன்; வீடு முடிவதற்குள், 1886இலேயே அவர் இறந்துவிட்டார். அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் கோபுரமும் தூணும் வேலைப்பாடுமாகத் தெருவைப் பார்த்துச் சிரிக்க, இது மட்டும் கரடுமுரடான கருங்கல் சுவரோடு, தெருப்பக்கம் சின்னச் சின்ன ஜன்னல்களோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. தினமும் வாசலுக்கு வந்தால் இதன் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறதே என்று எதிரே குடியிருந்த புல்மன் புலம்பியதாகச் சொல்வார்கள்.

உள்ளே போனால்தான் அதன் சூட்சுமம் தெரியும். செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: தெருவுக்குச் சுவர், உள்ளுக்கு முற்றம். கிளெஸ்னர் வீடும் அப்படித்தான். வடக்கிலிருந்து அறையும் குளிர்காற்றுக்கும் தெரு இரைச்சலுக்கும் கருங்கல்லைக் காட்டிவிட்டு, தெற்கு வெயில் விழும் முற்றத்தைப் பார்த்துப் பெரிய ஜன்னல்களைத் திறந்து வைத்திருக்கிறார் ரிச்சர்ட்சன். நாம் வெயிலை வெளியே நிறுத்தச் செய்ததை அவர் வெயிலை உள்ளே கூப்பிடச் செய்தார்.

பிறகு காலம் மாறியது. பணக்காரர்கள் வடக்கே நகர்ந்தார்கள், பிரெய்ரி அவென்யூவின் மாளிகைகள் ஒவ்வொன்றாக இடிந்தன. கிளெஸ்னர் வீட்டில் ஒரு கட்டத்தில் அச்சு ஆராய்ச்சி அமைப்பு ஒன்று இயந்திரங்களைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தது. 1960களின் நடுவில் அவர்களும் கிளம்ப, அடுத்தது இடிப்புதான் என்ற நிலை. அப்போது சில கட்டடக் கலைஞர்களும் ஆர்வலர்களும் கூடி, 1966இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, 35,000 டாலருக்கு அந்த வீட்டை வாங்கிவிட்டார்கள். அந்த அறக்கட்டளைதான் இன்றைய மையம். ஒரு வீட்டைக் காப்பாற்றச் சேர்ந்த கூட்டம், ‘வீட்டை வாங்கியாயிற்று, இனி என்ன?’ என்று கேட்டுக்கொண்டதன் விளைவு இவ்வளவும். கிளெஸ்னர் வீடு பின்னாளில் தனி அருங்காட்சியகமாகப் பிரிந்துவிட்டது. இன்றும் போய்ப் பார்க்கலாம்.

இவர்கள் ஏன் அப்படிப் பதறினார்கள் என்று புரிய வேண்டுமானால் அதற்கு முன்பு போனவற்றைப் பார்க்க வேண்டும். லூயி சல்லிவனும் டாங்க்மார் அட்லரும் கட்டிய காரிக் நாடக அரங்கு 1961இல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் எழுந்தது கார் நிறுத்துமிடம். இடிப்பை எதிர்த்துத் தெருவில் நின்றவர்களில் ஒருவர் ரிச்சர்ட் நிக்கல் என்ற புகைப்படக்காரர். சல்லிவனின் கட்டடங்களைப் படமெடுப்பதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர். தடுக்க முடியாத இடத்தில், இடிபாட்டுக்குள் புகுந்து சிற்பத் துண்டுகளையாவது தூக்கிக்கொண்டு வருவார். 1972இல் சல்லிவனின் பழைய பங்குச் சந்தைக் கட்டடத்தை இடித்தபோதும் அப்படித்தான் உள்ளே போனார். ஏப்ரல் 13 அன்று கட்டடத்தின் ஒரு பகுதி அவர்மேல் சரிந்தது. உடலைக் கண்டெடுக்கவே வாரக்கணக்கில் ஆனது. வயது 43. அந்தப் பங்குச் சந்தையின் வணிகக் கூடத்தை, நிக்கலும் நண்பர்களும் பெயர்த்தெடுத்த பாகங்களைக் கொண்டு, சிகாகோ கலைக்கூடத்துக்குள் அப்படியே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். நுழைவாயில் வளைவு அதன் வெளியே தோட்டத்தில் நிற்கிறது. பின்னால் கட்டடம் எதுவும் இல்லாத வாசல். பலர் அதன் கீழே நின்று கல்யாணப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

சட்டத்தால் காப்பாற்ற முடியாததை, கேட்க ஆளிருந்தால் பேச்சால் காப்பாற்றலாம் என்று அறக்கட்டளைக்காரர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1971இல் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு வகுப்பு எடுத்தார்கள். சம்பளமில்லாத வழிகாட்டிகளை உருவாக்கும் வகுப்பு. அந்த வழக்கம் இன்றும் நிற்கவில்லை. நானூறுக்கும் மேற்பட்ட தொண்டர்கள் இப்போது இந்த மையத்துக்காக நடைபயணங்களையும் படகுப் பயணங்களையும் நடத்துகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், குமாஸ்தாக்கள், வங்கிக்காரர்கள். கட்டடக் கலைஞர்களும் உண்டு, ஆனால் அவர்கள் மட்டுமல்ல. வாரக்கணக்கில் பாடம், வாசிக்கப் புத்தகக் கட்டு, பேசிக்காட்டித் தேர்ச்சி. அதற்குப் பிறகே தொப்பியும் பெயர்ச்சீட்டும். நான் போன நடையில் எங்களை அழைத்துப்போன அம்மாளுக்கு எழுபது தாண்டியிருக்கும். காற்று காதைப் பிய்க்கிறது. அவரோ ஒரு மூலைக்கல்லின் பூவேலையைக் காட்டி, அதைச் செதுக்கியவர்கள் எந்த ஊரிலிருந்து வந்து குடியேறினார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சொந்த வீட்டைச் சுற்றிக்காட்டும் பெருமை அந்தக் குரலில் இருந்தது. எனக்கு அந்த நகர மாதிரி பரப்பிய மேடையைவிட இவர்தான் மையமாகப் பட்டார்.

முழங்கால் ஒத்துழைப்பவர்கள் நடையைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். சுமார் ஒன்றரை மணி நேரம். முடியாதவர்களுக்குப் படகு இருக்கிறது, அதுவும் தொண்ணூறு நிமிடம்தான். விலை கொஞ்சம் கூடுதல், பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். ஆற்றின் நடுவிலிருந்து இரு கரையையும் அண்ணாந்து பார்த்தபடி போகலாம். பெர்ட்ரண்ட் கோல்ட்பெர்க் 1960களில் கட்டிய மரீனா சிட்டியின் இரட்டைக் கோபுரங்களை அந்த ஊர்க்காரர்களே மக்காச்சோளக் கதிர்கள் என்றுதான் சொல்கிறார்கள். கீழ்மாடிகள் பத்தொன்பதும் கார் நிறுத்தம், அதற்கு மேலேதான் வீடுகள். டிரிப்யூன் டவரின் சுவரில் உலகம் முழுவதிலிருந்தும் கொண்டுவந்த கற்களைப் பதித்திருக்கிறார்கள். தாஜ்மகாலின் துண்டும் அதில் ஒன்று. எப்படி வந்தது என்று கேட்டு வையுங்கள், வழிகாட்டி கொஞ்சம் நெளிவார்.

அந்த ஆற்றைப் பற்றியும் சொல்லாமல் போகக் கூடாது. சிகாகோ சதுப்பில் எழுந்த ஊர். தரை ஏரி மட்டத்துக்குச் சற்றே மேலே, சாக்கடை ஓட வழியில்லை, 1854இல் காலரா வாரிக்கொண்டு போனது. எல்லிஸ் செஸ்பரோ என்ற பொறியாளர் சாக்கடைக் குழாய்களைப் புதைக்காமல் தெருவின் மேலேயே போட்டு, அவற்றின் மேல் மண் கொட்டித் தெருவையே உயர்த்திவிடலாம் என்றார். தெரு உயர்ந்ததும் கட்டடங்கள் பள்ளத்தில் நின்றன. ஆகவே கட்டடங்களையும் தூக்கினார்கள். 1860இல் லேக் தெருவில் ஒரு வரிசைக் கட்டடம் முழுவதையும், 600 பேர் 6,000 திருகு ஜாக்கிகளைச் சேர்ந்தாற்போல் திருப்ப, சில நாட்களில் நாலரை அடிக்கு மேல் உயர்த்தியிருக்கிறார்கள். கடைகள் வியாபாரத்தை நிறுத்தவில்லை. இப்படிக் கட்டடம் தூக்கிப் பேர் வாங்கியவர்களில் ஒருவர்தான், கிளெஸ்னர் வீட்டைப் பார்த்து முகம் சுளித்த அதே புல்மன்.

அதற்கும் பிறகு சாக்கடை ஆற்றில் விழுந்தது, ஆறு மிச்சிகன் ஏரியில் விழுந்தது, ஏரியிலிருந்துதான் குடிநீர். 45 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி, 1900 ஜனவரியில் ஆற்றின் ஓட்டத்தையே திருப்பிவிட்டார்கள். ஏரிக்குள் போன ஆறு அன்றிலிருந்து ஏரியை விட்டு வெளியே ஓடுகிறது. அவர்கள் கழிவைக் கீழே இருந்த ஊர்கள் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று என்பதையும் நல்ல வழிகாட்டிகள் மறைப்பதில்லை.

பெருந்தீயைப் பற்றி எல்லோருக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கும். 1871 அக்டோபர் 8 இரவு பிடித்த தீ 10ஆம் தேதி அடங்கியபோது சுமார் 300 பேர் இறந்திருந்தார்கள், 17,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பல், ஒரு லட்சம் பேர் தெருவில். ஓலியரி அம்மாளின் பசு விளக்கை உதைத்ததால் பிடித்த தீ என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. ஏழை ஐரிஷ் குடியேறி மேல் பழி போடுவது எளிதாக இருந்தது. நகர மன்றம் 1997இல் அம்மாளையும் பசுவையும் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தது. நூறு ஆண்டு தாண்டி வந்த தீர்ப்பு என்றாலும் தீர்ப்புதானே.

தீக்குப் பிறகு நிலத்தின் விலை ஏற, கட்டடமும் மேலே ஏறியது. இங்கேதான் நடைபயணத்தின் அருமை. மொனாட்நாக் என்ற கட்டடத்தின் வடபாதி 1891இல் முடிந்தது. 16 மாடி, முழுவதும் செங்கல் சுவர்தான் தாங்குகிறது. அத்தனை எடையையும் தாங்க, தரைமட்டத்தில் சுவரின் கனம் ஆறு அடி. ஜன்னல் ஓரத்தில் நின்று கையை நீட்டினால் வெளிப்பக்கம் எட்டாது. அதற்கு ஆறு ஆண்டுக்கு முன்பே, 1885இல், வில்லியம் லெ பரான் ஜென்னி இரும்புச் சட்டத்தால் தாங்கிய பத்து மாடி ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தை எழுப்பிவிட்டார். எடையைச் சட்டம் வாங்கிக்கொண்டால் சுவருக்கு வேலையில்லை. அது கண்ணாடியாகக் கூட இருக்கலாம். ஜென்னியின் கட்டடம் 1931இல் இடிந்துபோனது. பழைய முறையில் கட்டிய மொனாட்நாக் இன்னும் வாடகைக்குக் கடைகளோடு உயிருடன் நிற்கிறது. வரலாறு எதை விட்டுவைக்கிறது என்பதற்கு ஒரு முறையும் இல்லை.

மையத்தின் மேல்தளத்தில் வானளாவிகளுக்கென்றே ஒரு கூடம். அங்கே உங்கள் பேரப்பிள்ளைகளிடம் ஒரு பெயரைத் தேடச் சொல்லுங்கள்: ஃபஸ்லுர் ரஹ்மான் கான். 1929இல் டாக்காவில் பிறந்தவர். கல்கத்தாவுக்கு அருகே சிவ்பூர் பொறியியல் கல்லூரியிலும் டாக்காவிலும் படித்து, 1952இல் உதவித்தொகையில் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதுவரை உயரமான கட்டடம் என்றால் உள்ளுக்குள் தூண் காடு. காற்றை எதிர்க்க எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு இரும்பு தின்னும். கான் தூண்களை வெளிச்சுவருக்குத் தள்ளி, நெருக்கமாக நிறுத்தி, கட்டடத்தையே ஒரு குழாயாக்கினார். மூங்கில் காற்றுக்கு நிற்பது அதன் ஓட்டால்தானே. 1969இல் முடிந்த ஜான் ஹான்காக் கட்டடத்தின் வெளியே பெருக்கல் குறி பெருக்கல் குறியாகத் தெரிகிறதே, அவை அலங்காரமல்ல. காற்றின் விசையைத் தரைக்குக் கொண்டுபோகும் கைகள். அடுத்து சியர்ஸ் டவர், அதாவது நீங்கள் கண்ணாடித் தரைமேல் நின்று படமெடுத்துக்கொண்ட அதே வில்லிஸ் டவர். ஒன்பது சதுரக் குழாய்களை மூன்றுக்கு மூன்றாகக் கட்டிய கற்றை அது. இரண்டு குழாய் 50ஆம் மாடியில் நின்றுவிடும், இரண்டு 66இல், மூன்று 90இல், மிச்சம் இரண்டு மட்டும் உச்சிக்கு. 110 மாடி, 442 மீட்டர். இதற்கான யோசனை, உடன் வேலை செய்த கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாம் கைநிறைய சிகரெட்டுகளைச் சேர்த்துப் பிடித்து ஏற்ற இறக்கமாக நீட்டிக் காட்டியதில் பிறந்தது என்பார்கள். 1998 வரை உலகின் மிக உயரமான கட்டடம் அதுதான். கான் அதைப் பார்க்க நெடுநாள் இருக்கவில்லை. 1982இல் 52 வயதில் காலமானார். அந்தக் கோபுரத்தின் அருகே ஒரு தெருமுனைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். கோபுரத்தின் உச்சிக்கு ஏறும் நம் ஆட்களில் எத்தனை பேர் அந்தப் பலகையைப் படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. இனி படிப்பீர்கள்.

இந்த மையம் வாக்கர் டிரைவில் வந்து அமைந்தது தற்செயலாக இருக்கலாம், ஆனால் பொருத்தம் பிரமாதம். தெருவுக்குப் பெயர் தந்த சார்லஸ் வாக்கர் பீர் வடித்துப் பணம் சேர்த்தவர். 1909இல் டேனியல் பர்ன்ஹாமும் எட்வர்ட் பென்னட்டும் சிகாகோவுக்கு ஒரு பெருந்திட்டம் தீட்டினார்கள்: ஏரிக்கரை முழுவதும் பூங்கா, அகன்ற சாலைகள், ஆற்றோரத்தில் இரண்டடுக்குத் தெரு. திட்டத்தை நடத்திவைக்கும் குழுவுக்குத் தலைவர் ஆனவர் வாக்கர். கடன்பத்திரம் வெளியிட வேண்டுமென்றால் ஊர்மக்கள் வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும். மக்களோ பல நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள், பலருக்கு ஆங்கிலமே வராது. குழு என்ன செய்தது தெரியுமா? வால்டர் மூடி என்பவரைக் கொண்டு அந்தத் திட்டத்தைப் பள்ளிப் பாடநூலாக எழுதவைத்தது. ‘வாக்கரின் கையேடு’ என்று பெயர், 1911இல் வந்தது. சிகாகோ அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் படித்தார்கள். இன்று மாணவர், நாளை வாக்காளர். இன்றே கூட வீட்டில் அப்பா அம்மாவுக்குச் சொல்லும் வாய். பிரசாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் தன் ஊரின் வரைபடத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை கையில் கொடுத்து, இது உன் காசில் நடக்கப்போகிறது, படித்துப் பார் என்று சொன்ன நிர்வாகம் எத்தனை உண்டு? பர்ன்ஹாம் அந்தத் திட்டத்தைத் தீட்டிய ரயில்வே எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில்தான் நம் மையம் 2018 வரை குடியிருந்தது.

பர்ன்ஹாமைப் பற்றிப் பேசுபவர்கள் மான்ட்கோமரி வார்டை விட்டுவிடுவது வழக்கம், எனக்கு அது பிடிப்பதில்லை. தபாலில் சாமான் விற்ற வியாபாரி அவர். ஏரிக்கரை நிலம் எந்தக் கட்டடமும் இல்லாமல் என்றென்றும் பொதுவில் இருக்க வேண்டும் என்று 1836ஆம் ஆண்டின் நில வரைபடத்தில் ஒரு குறிப்பு இருந்தது. நகராட்சி மறந்துபோன அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, 1890 தொடங்கி இருபது ஆண்டு வழக்காடினார். மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். அருங்காட்சியகம் கட்டக்கூட விடமாட்டேன் என்கிறாரே என்று பத்திரிகைகள் வைதன. ஃபீல்டு அருங்காட்சியகம் தெற்கே தள்ளிப் போனதே அவரால்தான். இன்று நீங்கள் கிராண்ட் பூங்காவில் பேரனோடு நடக்கும் புல்வெளி, அந்தப் பிடிவாதக்காரர் சொந்தக் காசைச் செலவழித்து வாங்கிக் கொடுத்தது.

வார்டின் தடைக்கு விலக்கு பெற்று அந்த நிலத்தில் நிற்கும் கட்டடம் சிகாகோ கலைக்கூடம். மையத்திலிருந்து மிச்சிகன் அவென்யூவில் தெற்கே நடந்தால் இருபது நிமிடம். 1893இல் கட்டி முடித்தபோது அது கலைக்கூடமாகத் திறக்கவில்லை. உலகப் பொருட்காட்சியையொட்டி நடந்த மாநாடுகளுக்கு முதலில் இடம் கொடுத்தது. அப்படி அங்கே கூடியதுதான் சர்வமத மகாசபை. செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது அங்கேதான். அளசிங்கப் பெருமாளும் சென்னை இளைஞர்களும் வீடு வீடாகத் தண்டிய பணம் அவரைக் கப்பலேற்றியதில் நமக்கொரு பங்கு உண்டு. கட்டடத்தின் முன்னுள்ள சாலைப் பகுதிக்கு இன்று அவர் பெயர். கட்டடத்தை வடிவமைத்த நிறுவனம், கிளெஸ்னர் வீட்டின் ரிச்சர்ட்சன் இறந்த பிறகு அவர் தொழிலை ஏற்று நடத்தியவர்களுடையது. பொருட்காட்சியைக் கட்டி நிறுத்திய தலைமைப் பொறுப்பு பர்ன்ஹாமுடையது. நிக்கல் உயிரைக் கொடுத்து மீட்ட பங்குச் சந்தைக் கூடம் இருப்பதும் இதே கட்டடத்துக்குள். விவேகானந்தரின் பெயர்ப் பலகையைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல், சீட்டு வாங்கி உள்ளேயும் போங்கள்.

எல்லாம் புகழ்ச்சியாகவே போகிறது என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் ஒரு குறை உண்டு. வருகிற கூட்டம் நடு நகரத்தையும் ஆற்றையும் பார்த்துவிட்டுச் சிகாகோவைப் பார்த்துவிட்டோம் என்று திரும்பிவிடுகிறது. படகும் அந்த நினைப்பைத்தான் வளர்க்கிறது. நகரத்தின் தென்பகுதியில் ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்று 28 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 16 மாடி, 1962இல் கட்டி முடித்தார்கள். கறுப்பின ஏழைகளை ஒரே கோட்டில் அடுக்கி வைத்த குடியிருப்பு. லிஃப்ட் பழுதானால் பழுதுதான், பராமரிப்புக்குப் பணமில்லை, வேலை இல்லை. 2007க்குள் கடைசிக் கட்டடமும் தரைமட்டம். வானளாவிகளை உலகுக்குச் சொல்லிக்கொடுத்த ஊர், அதே உயரத்தை ஏழைகளுக்குக் கொடுத்தபோது இப்படி ஆனது ஏன் என்பது கட்டடக்கலையின் கேள்வியும்தான். அதைக் கேட்க 2025இல் இன்னோர் இடம் திறந்திருக்கிறது: தேசியப் பொதுக் குடியிருப்பு அருங்காட்சியகம். 1938இல் கட்டிய ஜேன் ஆடம்ஸ் ஹோம்ஸ் குடியிருப்பில் எஞ்சிய ஒரே கட்டடத்துக்குள், அங்கே வாழ்ந்த குடும்பங்களின் வீடுகளையே காட்சியாக வைத்திருக்கிறார்கள். படகில் போன மறுவாரம் அங்கே போங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் ஊர்.

மையக்காரர்களுக்கும் இந்தக் குறை தெரியாமல் இல்லை. 2011 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு சனி ஞாயிறில் நகரம் முழுக்கப் பல கட்டடங்களின் கதவுகளைத் திறக்கவைக்கிறார்கள். ‘ஓபன் ஹவுஸ் சிகாகோ’ என்று பெயர். கட்டணம் கிடையாது. வழக்கமாக யாரையும் உள்ளே விடாத அலுவலக உச்சிகள், பழைய திரையரங்குகள், தேவாலயங்கள், பணிமனைகள் என்று சுற்றுலாப் பேருந்து எட்டிப்பார்க்காத தெற்கு, மேற்குப் பேட்டைகளுக்கும் மக்கள் இதற்காகவே ரயிலேறிப் போகிறார்கள். அந்தந்தப் பேட்டைக்காரர்களே வாசலில் நின்று வரவேற்றுக் கதை சொல்கிறார்கள்.

அக்டோபர் நடுவரை அங்கே தங்குவதாக இருந்தால் பயணச்சீட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். நடு நகரத்தை மற்ற நாளில் பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு பிரான்ஸ்வில், புல்மன் ஆகிய பேட்டைகளைப் பார்க்கத் தெற்கே போங்கள். வரிசை நீளும் இடங்களைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. ஏரிக்காற்று எலும்பைத் தொடும், ஸ்வெட்டருக்கு மேல் இன்னொன்றும் வேண்டும். அங்கேயே இருபது வருடமாக வேலை பார்க்கும் உங்கள் பிள்ளைகளிடம், அந்தத் தொண்டர் வகுப்பில் சேரேன் என்று ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். வழிகாட்டி அம்மாளின் தொப்பி நம் வீட்டுப் பெண்ணுக்கும் பொருந்தும். அப்படி யாராவது ஏற்கெனவே சேர்ந்திருந்தால் உடனே எழுதுங்கள். அடுத்தடுத்த இதழ்களில் அவர்களையே எழுதச் சொல்ல இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்